காடு வாங்குவது கடைசி வேலை

சனி, ஞாயிறு வந்தால் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்திலிருந்து கொக்கராயன்பேட்டை போகிற சாலையில் வெளியூர் கார்கள் கூடுதலாகத் தென்படுகின்றன. சென்னைப் பதிவெண், பெங்களூருப் பதிவெண். உள்ளே கணவன், மனைவி, பள்ளிக்கூட வயதில் பிள்ளைகள். முன்னால் இருசக்கர வண்டியில் வழிகாட்டிக்கொண்டு ஒரு தரகர். வாய்க்கால் கரையில் நிறுத்தி இறங்குகிறார்கள். கார்த்திகை மாதம் என்றால் நெல் கதிர் வாங்கி நிற்கும். வரப்போரம் தென்னை, அதைத் தாண்டி வாழை, அதற்கும் அப்பால் காவிரி. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் கால் நனைப்பார்கள். அந்த நேரத்தில் தரகர் ஒரு வார்த்தையும் பேசமாட்டார். பேச வேண்டியதில்லை என்று அவருக்குத் தெரியும்.

இப்படி வருகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வரவேண்டும் என்றே விரும்புகிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2001இல் தமிழ்நாட்டில் சுமார் 51 லட்சம் பேர் சாகுபடியாளர்களாக இருந்தார்கள். 2011இல் அது 42 லட்சத்துச் சொச்சம். பத்தே ஆண்டில் எட்டரை லட்சம் பேருக்கு மேல் உழவிலிருந்து கழன்றுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அவர்கள் எங்கே போனார்கள் என்று தேட வேண்டியதில்லை. விசைத்தறிக்குப் போனார்கள், சாயப்பட்டறைக்குப் போனார்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி வடநாட்டில் ஆழ்துளைப் போர் போடப் போனார்கள், நாமக்கல் லாரியில் ஓட்டுநராகப் போனார்கள். வீட்டுமனைக்காக நிலத்தைப் பறிகொடுத்த ஓர் உழவர் குடும்பம் எப்படிக் குலைந்துபோகிறது என்பதைப் பெருமாள்முருகன் 1991இலேயே ‘ஏறுவெயில்’ நாவலில் எழுதிவிட்டார். இத்தனை பேர் வெளியேறிய ஊருக்கு நாலு பேர் திரும்பி வருகிறார்கள் என்றால் அது நல்ல சேதிதான்.

ஆனால் வருகிறவர்களில் பலரும் முதல் வேலையாகக் காட்டை, அதாவது எங்கள் பேச்சில் விளைநிலத்தை, வாங்கிவிடுகிறார்கள். பிறகு வேலி போடுகிறார்கள், போர் போடுகிறார்கள், ஓட்டு வீடு கட்டுகிறார்கள், அதற்கப்புறம் ஊரைத் தெரிந்துகொள்ளத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

கிணற்றில் எத்தனை பங்கு?

கார்த்திகையில் பிள்ளைகள் கால் நனைத்த அந்த வாய்க்காலிலிருந்தே தொடங்கலாம். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கிழக்குக்கரை, மேற்குக்கரை வாய்க்கால்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் சுமார் 45 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கின்றன. வழக்கமாக ஆகஸ்ட் 1ஆம் தேதி திறப்பார்கள், டிசம்பர் 15இல் அடைப்பார்கள். ஆக 137 நாள் தண்ணீர். அணையில் இருப்பு குறைந்தால் திறக்கிற தேதி தள்ளிப்போகும். மீதி ஏழரை மாதம் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். ஆற்றிலிருந்து குழாய் போட்டு நீரேற்றுகிற காடுகள் தவிர மற்றவர்களுக்கு அந்த மாதங்களில் கிணறும் போரும்தான் கதி.

அதனால்தான் இங்கே விவரம் தெரிந்தவர்கள் ஏக்கர் என்ன விலை என்று முதலில் கேட்பதில்லை. வெடியரசம்பாளையம் பக்கம் ஒரு பெரியவர், நிலம் பார்க்க வந்த தம்பதியிடம் சொன்னது இது: “மண்ணு எங்கீங்க ஓடிப்போயிரப் போகுது? கெணத்துல எத்தன பங்குன்னு மொதல்ல கேளுங்க, அம்மணி. அதக் கேட்டுப்போட்டு அப்பறம் வெலைக்கு வாங்க.”

அவர் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தாத்தா காலத்தில் வெட்டிய கிணறு. மகன்கள் பாகம் பிரித்தபோது காட்டோடு கிணற்றையும் பிரித்தார்கள், பேரன்கள் மறுபடி பிரித்தார்கள். பத்திரத்தில் “கிணற்றில் நாலில் ஒரு பொதுப் பங்கும், மாமூல் தடத்தில் போகவர உரிமையும்” என்று ஒரு வரி இருக்கும். நகரத்துக்காரர் கண்ணுக்கு அது சம்பிரதாய வாசகம். உண்மையில் காட்டின் உயிர் அந்த ஒரு வரியில் இருக்கிறது. நாலில் ஒரு பங்கு என்றால் நாலு நாளைக்கு ஒருமுறைதான் உங்கள் முறை. மோட்டார் கெட்டால் செலவு நாலு பேருக்கும் பொது, ஆனால் ஒருவர் திருப்பூரில் இருப்பார், இன்னொருவர் பேச்சுவார்த்தை இல்லாதவராக இருப்பார். தடமும் அப்படித்தான். பக்கத்துக் காட்டுக்காரர் கல்லைப் போட்டு மறித்துவிட்டால் டிராக்டர் உள்ளே போகாது. உழவு நின்றுவிடும். தட வழக்குகள் தலைமுறை தாண்டி நடப்பதை இந்தப் பக்கத்து வக்கீல்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

மின்சாரம் இலவசம். 1990 முதல் தமிழ்நாட்டில் உழவர்கள் எல்லோருக்கும் பம்புசெட் மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இலவச இணைப்பு புதிதாகக் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இணைப்பு இருக்கிற காடு என்றால், அது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். செத்துப்போன தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வராது. இரவு முறை வந்தால் இரவில் எழுந்து மடை பார்க்க வேண்டும்.

மடை பார்ப்பது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் செய்கிற கை உங்கள் கையாக இருக்கப்போகிறது. மோட்டார் ஓட ஆரம்பித்ததும் தொட்டியிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் தலைப்பாத்திக்கு வரும். பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் ஒரு வெட்டு மண் எடுத்து அந்த வாயை அடைத்து, அடுத்த பாத்தியின் வாயைத் திறக்க வேண்டும். மண் ஈரமாக இருந்தால் கரைந்துவிடும் என்று பழைய யூரியா சாக்கை மடித்து மிதித்து வைப்பார்கள். ஒரு பாத்தியில் கண் அசந்தால் வரப்பு உடைந்து அடுத்தவர் காட்டுக்குப் பாய்ந்துவிடும். டார்ச் வெளிச்சத்தில், முழங்கால் வரை சேற்றில், பாம்புக்கும் பூரானுக்கும் பயந்துகொண்டு செய்கிற வேலை. இன்று பலர் சொட்டுநீர் போட்டுவிட்டார்கள், கைபேசியிலேயே மோட்டாரை ஓட்டுகிறார்கள். இருந்தாலும் நெல்லுக்கு மடை பார்த்துத்தான் ஆக வேண்டும்.

தண்ணீரின் அளவைப் போலவே குணமும் முக்கியம். பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதியில் சாயக்கழிவு கலந்து நிலத்தடி நீர் கெட்டுப்போன இடங்கள் உண்டு. அனுமதியில்லாத சாயப்பட்டறைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இடிப்பதும், சில மாதத்தில் வேறு சந்தில் முளைப்பதும் எங்களுக்குப் பழகிப்போன செய்தி. திருப்பூர்ச் சாயம் நொய்யல் கரையை என்ன செய்தது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அங்கே சாய ஆலைகளை ஏன் மூட உத்தரவிட்டது என்பதெல்லாம் நாடறிந்தது. ஆகவே பேச்சு முடிவதற்கு முன்பே கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, மண்ணோடு சேர்த்து வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். செலவு மிகக் குறைவு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். அவர்கள் சொல்லும் பதிலைத் தரகர் சொல்ல மாட்டார்.

சேலத்திலிருந்து புதுப்பாளையத்துக்கு

நகரத்தை விட்டு இந்த வறண்ட சமவெளிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் ஒன்றை நமக்கு நன்றாகவே தெரியும். குடும்பத் தலைவர் சேலத்தில் பேரும் பணமும் சம்பாதித்த வக்கீல். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். மனைவியை இழந்தவர், ஐந்து பிள்ளைகளின் தகப்பன். ஒத்துழையாமை இயக்கத்தில் வக்கீல் தொழிலை உதறியவர். 1925 பிப்ரவரி 6ஆம் தேதி, 46 வயதில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி அங்கேயே குடியேறினார் ராஜாஜி. பின்னாளில் காந்தியின் மகன் தேவதாஸை மணந்த அவருடைய மகள் லட்சுமியும் அந்த ஆசிரமத்தில் வாழ்ந்தவர்தான்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று. ராஜாஜி அங்கே நிலம் வாங்கவில்லை. ஆசிரமத்துக்கு இடம் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர். ஊர் தானாக இடம் கொடுத்துக் கூப்பிடுகிற அளவுக்கு அங்கே அவருக்கு ஒரு வேலை இருந்தது. மழை பொய்த்து, மானாவாரிக் காடெல்லாம் காய்ந்து கிடந்த காலம். வேலையில்லாத பெண்களுக்குப் பஞ்சைக் கொடுத்து, நூற்ற நூலுக்குக் கூலி கொடுத்து, அந்த நூலை நெசவாளர்களிடம் கொடுத்துக் கதராக்கி விற்றார்கள். காசு கிராமத்துக்குள் வந்தது. வைத்தியம் பார்த்தார்கள். கள்ளுக்கடைக்கு எதிராக ஊர் ஊராகப் போனார்கள். ஆசிரமம் தொடங்கிய அடுத்த மாதமே, 1925 மார்ச்சில், காந்தி புதுப்பாளையத்துக்கு வந்து பார்த்தார்.

அங்கே போனவர் ராஜாஜி ஒருவர் மட்டுமில்லை. வக்கீலான கே. சந்தானம் ஆசிரமத்தின் நிர்வாகத்தைச் சுமந்தார். பிற்காலத்தில் ஊழல் ஒழிப்புக்கான சந்தானம் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இவர்தான். கல்கி கிருஷ்ணமூர்த்தி போய்ச் சேர்ந்து, ராஜாஜி ஆசிரியராக இருந்த ‘விமோசனம்’ மதுவிலக்குப் பத்திரிகைக்கு உழைத்தார். 1929, 30இல் பத்தே இதழ்தான் வந்தது. ஆனால் தமிழ்நாட்டின் ஒரு பெரிய பத்திரிகையாளர் தம் இளமையில் சில ஆண்டுகளைத் திருச்செங்கோட்டுப் பக்கத்து வெயிலில்தான் கழித்திருக்கிறார். ஒரு வக்கீல், ஒரு நிர்வாகி, ஒரு எழுத்தாளர். இவர்களில் யாரும் ஏர் பிடித்துப் பிழைத்தவர்கள் அல்லர். தமக்குத் தெரிந்ததை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள், ஊருக்குத் தெரிந்ததை அங்கே கற்றுக்கொண்டார்கள். கற்றது வீண்போகவும் இல்லை. 1937 அக்டோபர் 1ஆம் தேதி சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக அமலானது சேலம் மாவட்டத்தில்தான், அப்போது மாகாணப் பிரதமராக இருந்தவர் ராஜாஜி. புதுப்பாளையத்தில் குடிகாரர் வீட்டு அடுப்பை அருகில் இருந்து பார்த்திருக்காவிட்டால் அந்தத் தொடக்கம் வேறெங்காவது நடந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

எல்லாம் இனிதாக நடந்துவிடவில்லை. ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து வாழ்ந்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் பலருக்கு அது பொறுக்கவில்லை. ஆசிரமம் அதற்காகப் பந்தியை மாற்றவில்லை. நூறாண்டு கடந்தும் அந்த வளாகத்தில் கதர் வேலை நடக்கிறது.

ஆசிரமத்துக்கு ஒரு மூத்த முன்னோடியும் உண்டு, அதிலும் தமிழர்களுக்கு நெருக்கமான முன்னோடி. 1910இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தள்ளி இருந்த தம் 1,100 ஏக்கர் நிலத்தைக் காந்தியின் நண்பர் ஹெர்மன் காலன்பாக் சத்தியாகிரகிகளின் குடும்பங்களுக்காக வாடகையின்றிக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. ஆயிரம் பழமரங்கள், இரண்டு கிணறு, ஒரு ஊற்று. சிறைக்குப் போனவர்களின் மனைவி மக்கள் நகரத்தை விட்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். தட்டுத்தடுமாறிக் கற்றிருந்த தமிழைக் கொண்டு காந்தி அந்தப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். வேலைக்காரர் வைக்கக் கூடாது, சமையல் பொது, சொந்த வேலையாக நகரத்துக்குப் போவதென்றால் நடந்துதான் போக வேண்டும். 1913 தொடக்கத்தில் காந்தி ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குத் திரும்ப, பண்ணை கலைந்தது. அது தோல்வி என்று யாரும் சொல்வதில்லை. ஒரு போராட்டத்துக்காக உருவான இடம், அந்தத் தேவை இருந்த வரை உயிரோடு இருந்தது.

நம் காலத்துக்கு வருவோம். சேலத்துக்கு வடகிழக்கே, தருமபுரி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்டிலிங்கி இருக்கிறது. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் அங்கே போய் ஒரு கூரைக் கொட்டகையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். பச்சைக் குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த பள்ளத்தாக்கு அது. மலைவாழ் பெண்களையே பயிற்றுவித்துச் செவிலியராக்கினார்கள். இன்று அது முழு மருத்துவமனை. பிறகு அந்த மருத்துவப் பணியிலிருந்தே இயற்கை உழவர்கள் அமைப்பு பிறந்தது, லம்பாடிப் பெண்களின் பூத்தையல் அமைப்பு பிறந்தது. கட்டடக்கலை படித்த ஒரு தம்பதி அதே பள்ளத்தாக்கில் துளிர் என்ற கல்வி மையத்தை நடத்தினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சில நகரக் குடும்பங்கள் போயிருக்கின்றன. அங்கே யாரும் வேலி போட்டுக்கொண்டு தனியாக வாழ முடியாது, வாழவும் இல்லை.

புதுப்பாளையம், டால்ஸ்டாய் பண்ணை, சிட்டிலிங்கி மூன்றிலும் ஒன்று பொது. போனவர்கள் ஓய்வு தேடிப் போகவில்லை. அந்த இடத்துக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள்.

நீங்கள் எதைக் கொண்டுவருவீர்கள்?

மருத்துவர் அல்லாதவர்களுக்கும் எங்கள் ஊரில் வேலை இருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் நாலாபக்கமும் பதிவாகியிருக்கின்றன. கணக்கு எழுத, ஜிஎஸ்டி தாக்கல் செய்ய, வாங்குபவரிடம் எழுத்தில் பேச ஆள் இல்லாமல் அவற்றில் பல பெயருக்கு நிற்கின்றன. அலுவலகத்தில் பத்தாண்டு இதையே செய்த ஒருவர் வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்தால் நூறு குடும்பம் பலன் பெறும். உங்கள் பழைய அடுக்ககத்தில் இருக்கும் இருநூறு வீடுகளுக்கு மஞ்சள்தூளும் நல்லெண்ணெயும் நாட்டுச்சர்க்கரையும் யார் தருவது? சந்தையை உங்கள் கையோடு கொண்டுவருகிறீர்கள் என்றால், பக்கத்துக் காட்டுக்காரர் உங்களை வேறு மாதிரிப் பார்ப்பார். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பேச்சைக் கேட்டு அரசு வேலையையும் கணினி வேலையையும் விட்டு மண்ணுக்கு வந்த இளைஞர்களில், நான் பார்த்தவரை, நிலைத்தவர்கள் இப்படிச் சந்தை கட்டியவர்கள்தான்.

காட்டு வருமானத்தை மட்டும் நம்பி வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு. மஞ்சளை வைகாசி, ஆனியில் நடுகிறோம். தை, மாசியில் வெட்டுகிறோம். வேகவைத்து, களத்தில் காயவைத்து, பாலீஷ் போட்டு, ஈரோட்டுக்கோ திருச்செங்கோட்டுக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்துக்கோ கொண்டுபோய்க் காசாக்கும்போது பத்து மாதம் ஓடியிருக்கும். 2010-11இல் குவிண்டால் 15 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போன மஞ்சள், இரண்டே ஆண்டுக்குள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. கரும்பும் குச்சிக்கிழங்கும் ஏறக்குறைய ஆண்டுப் பயிர்கள். கரும்பு ஓடப்பள்ளி பொன்னி ஆலைக்குப் போகும், அதன் சக்கை பக்கத்துச் சேஷசாயி காகித ஆலைக்குப் போகும். எல்லாம் ஒழுங்காக நடக்கும், உங்களுக்குப் பணம் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை வரும். மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் பார்த்துப் பழகிய குடும்பம் இதைத் தாங்கப் பழக வேண்டும். அடிக்கடி காசு வேண்டுமென்றால் மாடு. இரண்டு கறவை வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றினால் வாராவாரம் காசு வரும். ஆனால் காலையும் மாலையும் கறக்க வேண்டும். கல்யாணம், கருமாதி, காய்ச்சல் எதற்கும் விடுப்பு இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பண்ணையத்தின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த அளவு காட்டில் உள்ளூர்க் குடும்பமே தறியையோ கடையையோ துணைக்கு வைத்துக்கொண்டுதான் பிழைக்கிறது. நீங்களும் ஒருவர் சம்பாத்தியத்தையாவது விடாமல் வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆள் கிடைப்பதில்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கிடைக்காததன் காரணத்தை யோசிக்க வேண்டும். களை எடுத்தவர்களின் மகனும் மகளும் இன்று தறிக்குப் போகிறார்கள். தறியிலும் வாழ்க்கை சுகமில்லை. 2025 ஜூலையில் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களைக் குறிவைத்துச் சிறுநீரகம் வாங்கிய கும்பல் பற்றிய செய்தி வந்தபோது நாடே அதிர்ந்தது. நுண்கடன் தவணை கட்ட முடியாமல் உடம்பின் உறுப்பை விற்றிருக்கிறார்கள். காவிரிக் கரையில் பசுமை பார்க்க வருகிறவர்கள், அந்தப் பசுமையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இதுவும் நடக்கிறது என்று தெரிந்துகொண்டு வர வேண்டும். உங்கள் காட்டில் வேலைக்கு வருகிற அம்மாவுக்கு நியாயமான கூலி, வெயிலுக்கு ஒதுங்க நிழல், போகவர ஒரு கழிப்பறை. இந்த மூன்றையும் செய்கிறவருக்கு ஆள் கிடைக்கிறது.

சாதியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் எழுதிவிடுகிறேன். வந்த முதல் வாரத்தில் டீக்கடையில் கேட்பார்கள்: “நீங்க எந்த ஊருங்க? அப்பாரு ஊரு? அங்க யாருங்க சொந்தம்?” மூன்றாவது கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலை வைத்து உங்களை எங்கே உட்காரவைப்பது என்று தீர்மானிப்பார்கள். 2015இல் திருச்செங்கோட்டில் கடத்தப்பட்ட தலித் பொறியியல் பட்டதாரி ஒருவரின் உடல் பள்ளிபாளையம் பக்கத்து ரயில் பாதையில் கிடந்தது. 2022இல் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த மண்ணுக்குத்தான் பிள்ளைகளை அழைத்து வருகிறீர்கள். நல்லவர்கள் இங்கே ஏராளம், நாளைக்கே கூழும் மோரும் கொண்டுவந்து தருவார்கள். ஆனால் உங்கள் வீட்டுத் திண்ணையில் யார் யார் உட்காரலாம் என்பதை நீங்கள்தான் முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். புதுப்பாளையத்தில் 1925இல் முடிவு செய்தார்களே, அதேபோல.

வீட்டில் இருக்கும் பெண்ணின் சம்மதத்தை முழுதாகக் கேட்டீர்களா என்பதும் முக்கியம். நகரத்தில் வீட்டை விட்டு வெளியே இருந்த அவர் நாள், இங்கே வீடு, மாடு, காடு, வருகிற போகிற விருந்தாளி என்று ஒரே இடத்தில் சுருங்கிவிடலாம். அவர் தனியாக வண்டியெடுத்து ஈரோட்டுக்குப் போய்வர வழி இருக்க வேண்டும், நிலப்பத்திரத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும். (பத்து லட்சம் ரூபாய் மதிப்பு வரை பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை 2025 ஏப்ரலிலிருந்து இருக்கிறது.) பிள்ளைகளைப் போட்டிப் படிப்பிலிருந்து காப்பாற்ற வருகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். மதிப்பெண்ணுக்காக விடுதியில் அடைத்துப் படிக்கவைக்கும் பள்ளிகளுக்குப் பேர்போன மாவட்டம் இது. அவர்களைப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் நீங்களும் உட்காருங்கள். உங்கள் பிள்ளையோடு ஊர்ப் பிள்ளைகளும் மேலே வருவார்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் உழவர் அல்லாதவரும் விளைநிலம் வாங்கத் தடையில்லை. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம், குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கம், எல்லாவற்றையும் பாருங்கள். பஞ்சமி நிலமா, கோயில் நிலமா, பூமிதான நிலமா என்று தனியாக விசாரியுங்கள், இவற்றில் விலைக்கு வாங்கியது செல்லாது போகலாம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அளந்து கல் நட்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.

இத்தனையும் சொன்னது பயமுறுத்துவதற்காக இல்லை. வழி ஒன்று இருக்கிறது, நான் பார்த்தவரையில் அது உருப்படியான வழி. பள்ளிபாளையத்திலோ, ஆனங்கூரிலோ, மொளசியிலோ ஒரு வீட்டை வாடகைக்குப் பிடியுங்கள். அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ குத்தகைக்கு எடுங்கள். ஒரு முழு வருஷம், ஆடியில் தொடங்கி அடுத்த ஆனி வரை, அதில் நெல்லோ கடலையோ எள்ளோ உங்கள் கையாலேயே விளைவியுங்கள். அந்த ஒரு வருஷத்தில் எந்தக் கிணறு சித்திரையில் வற்றுகிறது, யார் யாரோடு பேசுவதில்லை, எந்தத் தடத்தில் தகராறு, யார் வாக்குத் தவறாதவர் எல்லாம் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு இங்கே பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம், கடன் இல்லை. பிடித்துப்போய், ஊரும் உங்களை விடவில்லை என்றால், நல்ல காடு எது என்று தரகருக்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்வார்.

அதற்கு முன் ஒருமுறை வந்து பார்ப்பதென்றால் மே மாதத்தில் வாருங்கள். வாய்க்கால் காய்ந்திருக்கும், வெயில் நூறைத் தாண்டியிருக்கும், மாடுகளுக்குச் சோளத்தட்டு விலைக்கு வாங்கிக்கொண்டிருப்போம். அந்த மாதத்தில் பார்த்துப் பிடித்திருந்தால் வீடு பார்க்கத் தொடங்குங்கள்.